உயிர் மரத்தைப் பயில்வது: கபாலா வரைபடத்தை வரைந்து, உடலில் நிறுத்தி, ஒரு செயலுக்குக் கொண்டுவரும் முறை

யூத மறைஞான மரபான கபாலாவின் உயிர் மரம் என்பது 10 வட்டங்களும் அவற்றை இணைக்கும் 22 கோடுகளும் கொண்ட ஒரு வரைபடம். இன்று அது பதக்கமாகவும் சுவர்ப்படமாகவும் விற்கப்படுகிறது. வாங்கி மாட்டிக்கொண்டாலே பலன் தரும் என்று நம்புவோரும் உண்டு. மேற்கத்தியச் சடங்கு மாந்திரீகத்தை முறையாகப் பயில்கிறவர்கள் அதை அப்படிப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் அதைத் தம் கையால் வரைகிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், தம் உடலின் மீது நிறுத்திப் பார்க்கிறார்கள்; அதற்குப் பிறகே ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக அதன் ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சடங்கு செய்கிறார்கள். மனத்தில் ஏறாத குறியீடு சடங்கில் வேலை செய்யாது என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படை எண்ணம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த எண்ணத்திலிருந்து வருகிறது. ஏவல், பில்லி, சூனியம் போன்றவற்றுக்கு இதில் இடமில்லை. கற்பனையையும் ஒலியையும் மூச்சையும் ஒரே குறியின் மீது குவித்து, மனத்தை ஒரு திசையில் பழக்குவதே இங்கே நோக்கம்.

எந்த மரபின் மரம்

தொடங்கும் முன் இந்த மரம் யாருடையது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இது யூதர்களுடைய சொத்து. ‘செஃபெர் யெட்ஸிரா’ என்னும் பழைய எபிரேயச் சிறுநூல், 10 ஸெஃபிரோத்தும் (மரத்தின் வட்டங்கள் இவையே; ஒருமையில் ஸெஃபிரா) 22 எழுத்துகளும் ஆகிய 32 ஞான வழிகளால் இறைவன் உலகைப் படைத்தான் என்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் தென்பகுதியிலும், 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வாழ்ந்த யூத ஞானிகள், எல்லையற்ற இறைமை தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் நிலைகளாக அந்தப் பத்தையும் விளக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் ஸஃபேத் நகரில் மோஷே கொர்டோவெரோவும், அவருக்குப் பின் ஐசக் லூரியாவும் அந்தச் சிந்தனையைப் பெரும் அமைப்பாக வளர்த்தெடுத்தார்கள். அவர்களுக்கு ஸெஃபிரோத் பற்றிய அறிவு யூத வேதமான தோராவின் கட்டளைகளோடும் அன்றாடத் தொழுகையோடும் பின்னிப் பிணைந்தது. தனியே எடுத்துப் பயன்படுத்தும் கருவியாக அவர்கள் அதைக் கருதவில்லை.

மாந்திரீகப் பயிற்சியில் இன்று வழங்கும் மரம் வேறொரு கிளையில் வந்தது. 1486இல் தம் 900 கூற்றுகளை வெளியிட்ட பிகோ தெல்லா மிராந்தோலா, 1517இல் கபாலாவைப் பற்றி நூல் எழுதிய யோஹான் ரொய்ஹ்லின் முதலிய கிறிஸ்தவ அறிஞர்கள் அதைத் தம் சமயக் கண்ணோட்டத்தில் படித்தார்கள். இயேசு சபைத் துறவியான அத்தனாசியஸ் கிர்ஹர் 1650களில் ரோமில் அச்சிட்ட நூலில் ஒரு மரம் இடம்பெற்றது. 1888இல் வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன் ஆகிய மூவரும் லண்டனில் நிறுவிய கோல்டன் டான் என்னும் மாந்திரீகச் சங்கம் அந்த வடிவத்தையே எடுத்து, அதன் மீது கோள்கள், ராசிகள், குறிசொல்லும் டாரட் சீட்டுகள், நிறங்கள், தேவதூதர் பெயர்கள் ஆகியவற்றை ஏற்றியது. இன்று உலகெங்கும் நூல்களில் காணப்படும் மாந்திரீக மரம் பெரும்பாலும் அந்தச் சங்கத்தின் மரமே ஆகும்.

இந்தக் கிளைக்கும் தமிழருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருப்பதைப் பலர் அறிவதில்லை. கோல்டன் டான் உறுப்பினராக இருந்த ஆலன் பென்னட் 1900ஐ ஒட்டி இலங்கைக்குச் சென்று, சைவ அறிஞரும் அரசின் உயர் சட்ட அதிகாரியுமான பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். இராமநாதனிடமிருந்து யோகமும் பயின்றார். 1901இல் ஆங்கிலேய மாந்திரீகரான அலைஸ்டர் கிரௌலி அங்கே வந்து பென்னட்டிடம் அதைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் கிரௌலி வகுத்த மாந்திரீகப் பாடத்திட்டத்தில் ஆசனமும் பிராணாயாமமும் இடம்பெற்றதற்கு இந்தச் சந்திப்பு முக்கியமான காரணம்.

ஆகவே இங்கே விளக்கப்படுவது, ஹெர்மடிக் கபாலா எனப்படும் இந்த மேற்கத்திய மாந்திரீகக் கிளை. அதைப் பயில்பவர் ‘இது யூதர்களின் போதனை’ என்று சொல்லித் திரியக் கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன். ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகத் துன்பங்களுக்கிடையே காத்துவந்த ஒன்றைப் பிறர் எடுத்துத் தம் போக்கில் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்துக்குச் சொந்தமான பயனும் உண்டு, ஆனால் மூலத்தின் பெயரில் அதை வழங்குவது நேர்மையாகாது.

மரத்தை வரைதல்

அச்சிட்ட படத்தைப் பார்ப்பதை விட ஒரு முறை கவராயம் கொண்டு வரைவது அதிகம் கற்பிக்கும். ஏ4 தாளை நெடுக்காக வைத்து, மேல் ஓரத்திலிருந்து 4 செ.மீ. கீழே, அகலத்தின் நடுவில் ஒரு புள்ளியிடுங்கள். அதிலிருந்து நேர் கீழாக 20 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கோட்டை இழுத்து, 5 செ.மீ.க்கு ஒன்றாக மொத்தம் 5 புள்ளிகள் குறியுங்கள். கவராயத்தை 5 செ.மீ. விரித்து, மேலிருக்கும் 4 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக மையமாகக் கொண்டு 4 வட்டங்களை மெலிதாக வரையுங்கள். முதல் வட்டத்தின் உச்சி தாளுக்கு வெளியே போகும். அந்தப் பகுதி நமக்குத் தேவையில்லை.

முதல் வட்டமும் இரண்டாம் வட்டமும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். தாளைப் பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பது ஹொக்மா, இடப்பக்கம் இருப்பது பினா. இரண்டாம், மூன்றாம் வட்டங்கள் வெட்டும் இடங்களில் வலப்பக்கம் ஹெஸெத், இடப்பக்கம் கெவுரா. மூன்றாம், நான்காம் வட்டங்கள் வெட்டும் இடங்களில் வலப்பக்கம் நெட்ஸாஹ், இடப்பக்கம் ஹோத். நடுக்கோட்டின் 5 புள்ளிகள் மேலிருந்து கெதெர், தாஅத், திஃபெரெத், யெஸோத், மல்குத். அளவு எடுக்காமலேயே எல்லாம் தம் இடத்தில் வந்து அமர்வதைக் காணும்போது இந்த வடிவத்தின் உள்ளொழுங்கு கைக்கே புரிந்துவிடும்.

தாஅத் தவிர்த்த 10 புள்ளிகளிலும் 1 செ.மீ. ஆரமுள்ள சிறு வட்டங்களை அழுத்தமாக வரையுங்கள். தாஅத்தைப் புள்ளிக்கோட்டால் மட்டும் காட்ட வேண்டும், அல்லது வெறுமையாக விட்டுவிட வேண்டும். அது எண்ணிக்கையில் சேராது, ‘பத்து, ஒன்பதன்று, பத்து, பதினொன்றன்று’ என்று செஃபெர் யெட்ஸிரா கண்டிப்பாகச் சொல்கிறது.

இனிக் கோடுகள். குறுக்கே 3: ஹொக்மாவிலிருந்து பினாவுக்கு, ஹெஸெத்திலிருந்து கெவுராவுக்கு, நெட்ஸாஹிலிருந்து ஹோதுக்கு. நெடுக்கே 7: வலத் தூணில் (வலப்பக்க வட்டங்களின் நெடுவரிசையில்) இரண்டு, இடத் தூணில் இரண்டு, நடுவில் கெதெரிலிருந்து திஃபெரெத்துக்கும் அங்கிருந்து யெஸோதுக்கும் பிறகு மல்குத்துக்கும் இறங்கும் மூன்று. சாய்வாக 12: கெதெரிலிருந்து ஹொக்மாவுக்கும் பினாவுக்கும் இரண்டு, திஃபெரெத்திலிருந்து பக்கத் தூண்களின் 6 வட்டங்களுக்கும் ஆறு, யெஸோதிலிருந்து நெட்ஸாஹுக்கும் ஹோதுக்கும் இரண்டு, மல்குத்திலிருந்து அதே இரண்டுக்கும் இரண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எபிரேய எழுத்து தரப்படுகிறது; அந்த எழுத்துகளையும் செஃபெர் யெட்ஸிரா 3 தாய் எழுத்துகள், 7 இரட்டை எழுத்துகள், 12 தனி எழுத்துகள் என்றே வகுக்கிறது. லூரியாவின் பெயரால் வழங்கும் மரத்தில் குறுக்குக் கோடுகள் மூன்றும் தாய் எழுத்துகளாகவே அமைகின்றன. அதில் மல்குத்துக்கு யெஸோதிலிருந்து மட்டுமே வழி உண்டு, நெட்ஸாஹும் ஹோதும் அதனோடு நேரடியாக இணைவதில்லை, அவற்றுக்குப் பதிலாக ஹொக்மாவும் கெவுராவும், பினாவும் ஹெஸெத்தும் இணைகின்றன. கோல்டன் டான் மரத்தில் எழுத்துகள் மேலிருந்து கீழாக, அகரவரிசைப்படி, அலெஃப் முதல் தாவ் வரை இறங்குகின்றன. இரண்டையும் கலந்து வரையாமல் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் பயிற்சிகளுக்கு இரண்டாவது பொருந்தும்.

படத்தை ஒரு முறை அழகாக வரைந்து சட்டம் போட்டுவிட்டால் பயிற்சி அங்கேயே நின்றுவிடும். தினமும் ஒரு முறை, முந்தைய தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண்ணை மூடினால் எந்த வட்டம் எதன் அருகில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்ல முடியும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஒப்புமைகளை மனத்தில் ஏற்றுதல்

ஒவ்வொரு ஸெஃபிராவுக்கும் ஓர் எண், ஒரு கோள், ஒரு நிறம், ஓர் இறைப்பெயர் என்று பட்டியல் நீளும். முதலில் எண்ணும் கோளும் நிறமும் போதும். கெதெர் 1, வெண்மை. ஹொக்மா 2, ராசி மண்டலம், சாம்பல். பினா 3, சனி, கறுப்பு. ஹெஸெத் 4, குரு, நீலம். கெவுரா 5, செவ்வாய், சிவப்பு. திஃபெரெத் 6, சூரியன், பொன்மஞ்சள். நெட்ஸாஹ் 7, சுக்கிரன், பச்சை. ஹோத் 8, புதன், செம்மஞ்சள். யெஸோத் 9, சந்திரன், ஊதா. மல்குத் 10, நாம் நிற்கும் பூமி, நான்கு மண் நிறங்கள்.

பினாவிலிருந்து யெஸோத் வரை வரும் கோள்களின் வரிசையைத் தமிழ்ப் பஞ்சாங்கம் பார்ப்பவர் உடனே அடையாளம் காண்பார். சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்பது ஓரைகள் சுழலும் அதே வரிசை. வானத்தில் மிக மெதுவாக நகர்வதாகத் தோன்றும் கோளில் தொடங்கி மிக விரைவாக நகர்வதில் முடியும் இந்த அடுக்கு, பண்டைய மத்தியதரைக்கடல் உலகின் சோதிடத்திலிருந்து இரு திசைகளிலும் பரவியது. ஓரை தெரிந்தவருக்கு மரத்தின் 7 இடங்கள் ஏற்கெனவே மனப்பாடம் என்றே சொல்லலாம்.

பட்டியலை ஒப்பித்துக் கற்பதோடு நிற்காமல் அன்றாட வாழ்வில் பொருத்திப் பார்ப்பது நல்லது. ஹெஸெத் பெருகிக் கொடுக்கும் இரக்கம். கெவுரா வரம்பிட்டு மறுக்கும் உறுதி. பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கித் தரும் பெற்றோரிடமும், தேர்வு மேற்பார்வையில் ஒரு நிமிடம் கூடத் தராத ஆசிரியரிடமும் இவ்விரண்டையும் காணலாம். இரண்டும் தனித்து நின்றால் கேடாகும், திஃபெரெத்தில் சேர்ந்தால் அழகாகும் என்பது யூத ஞானிகளும் ஹெர்மடிக் பயிற்சியாளர்களும் ஒத்துக்கொள்ளும் கருத்து. மரத்தின் மையத்தில் திஃபெரெத் அமைந்திருப்பதற்கும் அத்தனை கோடுகள் அதில் வந்து சேர்வதற்கும் காரணம் இதுவே. நாள் முடிவில், அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து அது எந்த ஸெஃபிராவின் மிகுதியால் அல்லது குறைவால் நடந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். இப்படிப் பழகிய பிறகு, சடங்கில் ஒரு நிறத்தை நினைத்த உடனே அதோடு சேர்ந்த குணமும் உணர்வும் மனத்தில் எழும். மாந்திரீகப் பயிற்சிக்கு வேண்டிய மூலப்பொருள் அந்த எழுச்சிதான்.

கபாலாச் சிலுவை, தோள்களின் சிக்கல்

கோல்டன் டான் முறையில் ஏறத்தாழ எல்லாச் சடங்குகளும் கபாலாச் சிலுவை எனப்படும் சிறு செய்கையில் தொடங்கி அதிலேயே முடியும். கிழக்கு நோக்கி நிமிர்ந்து நில்லுங்கள். தலைக்கு மேலே வெண்ணொளி ஒன்று இருப்பதாக எண்ணி, வலக்கை விரல்களால் அதைத் தொட்டு நெற்றிக்கு இறக்கி ‘ஆதா’ என்று நீட்டி ஒலியுங்கள். கையை மார்பு வரை இறக்கி, ஒளி பாதம் வரை பாய்வதாக எண்ணி ‘மல்குத்’ என்று ஒலியுங்கள். வலத் தோளைத் தொட்டு ‘வெ-கெவுரா’, இடத் தோளைத் தொட்டு ‘வெ-கெதுலா’. பிறகு இரு கைகளையும் மார்பில் சேர்த்து ‘லெ-ஓலாம், ஆமென்’. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதன் பொருள் பழக்கமானது: ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே’ என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் இறுதியில் வரும் அதே சொற்கள்தாம் எபிரேயத்தில் ஒலிக்கின்றன. கெதுலா என்பது ஹெஸெத்தின் மறுபெயர்.

கவனமாகப் படிப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். யூத மரபில் ஹெஸெத் வலக்கை, கெவுரா இடக்கை. திக்குனே ஸோஹர் என்னும் கபாலா நூலில் உள்ளதும் இன்றும் யூதர்கள் பலர் ஓதுவதுமான ஒரு பகுதி, ஸெஃபிரோத்தை உடலின் உறுப்புகளாக அடுக்கும்போது அப்படித்தான் சொல்கிறது. கபாலாச் சிலுவையில் மட்டும் வலத் தோளில் கெவுரா வருவது ஏன்? படத்தை நோக்கி நிற்பவர் அப்படியே முன்னே சென்று அதற்குள் புகுந்தால் ஹெஸெத் அவருடைய வலக்கையில் அமையும். அவர் திரும்பி நின்று, முதுகு படத்தின் மீது படும்படி பின்னோக்கிச் சென்று மரத்துக்குள் நின்றால் இடமும் வலமும் மாறிவிடும். சிலுவையில் இரண்டாவது நிலையே கொள்ளப்படுகிறது என்பது பயிற்சியாளர்கள் பலர் தரும் விளக்கம்.

என் அறிவுரை இது. கோல்டன் டான் சடங்கைச் செய்யும்போது அதன் வரிசையை மாற்றாதீர்கள். அதன் மற்ற உறுப்புகள் அதையொட்டியே அமைந்தவை. ஆனால் உங்கள் நாட்குறிப்பிலும் கற்பனைப் பயிற்சியிலும் எந்த நிலையைக் கொள்கிறீர்கள் என்பதை ஒரு முறை முடிவுசெய்து எழுதி வையுங்கள். ஒரு நாள் ஒரு பக்கமும் மறுநாள் மறுபக்கமும் என்று மாற்றிக்கொண்டிருந்தால், பல மாதங்கள் செய்தாலும் உடலில் மரம் நிலைக்காது. இந்தச் சிக்கலே இல்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. தொடக்கநிலைக்கு அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

நடுத்தூண் பயிற்சி

மரத்தின் நடுக்கோட்டில் உள்ள 5 இடங்களை மட்டும் உடலின் மீது நிறுத்துவது நடுத்தூண் பயிற்சி. கோல்டன் டான் வழிவந்த இந்த முறையை மாந்திரீக எழுத்தாளர் இஸ்ரேல் ரெகார்டி 1938இல் விரிவாக எழுதி வெளியிட்டார். நடுவில் மட்டும் வேலை செய்வதால் இட வலக் குழப்பம் எழுவதில்லை. இரக்கம், கண்டிப்பு என்னும் இரு பக்கங்களில் எதையும் மிகைப்படுத்தும் அபாயமும் குறைவு.

கபாலாச் சிலுவையைச் செய்து முடித்து, நின்றோ முதுகு நிமிர்த்தி அமர்ந்தோ மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். உச்சந்தலைக்குச் சற்று மேலே, தலையளவு உள்ள வெண்ணொளி உருண்டை ஒன்றை எண்ணுங்கள். அது கெதெர். மூச்சை முழுதாக இழுத்து, வெளிவிடும்போது ‘எஹெயே’ என்னும் பெயரை ஒரே மூச்சில் நீட்டி ஒலியுங்கள். மோசே எரியும் முட்செடியின் முன் பெயர் கேட்டபோது பதிலாக வந்த சொல் அது. ‘இருக்கிறேன்’, ‘இருப்பேன்’ என்னும் இரு பொருளும் அதில் அடங்கும். சத்தமாகக் கத்த வேண்டியதில்லை. குரல் தாழ்ந்திருந்தாலும் அந்த இடத்தில் அதிர்வு தெரிய வேண்டும் என்பதே குறிக்கோள். நான்கைந்து முறை ஒலித்த பிறகு, அந்த உருண்டையிலிருந்து ஒளிக்கம்பி ஒன்று தலை வழியாகத் தொண்டைக்கு இறங்குவதாக எண்ணுங்கள்.

தொண்டையில் தாஅத். அங்கே ஒலிப்பது ‘யோத் ஹே வாவ் ஹே எலோஹீம்’. நெஞ்சில் திஃபெரெத், ‘யோத் ஹே வாவ் ஹே எலோவா வ-தாஅத்’. அடிவயிற்றுக்குக் கீழே, பிறப்புறுப்புப் பகுதியில் யெஸோத், ‘ஷத்தாய் எல் ஹாய்’. பாதங்களில் மல்குத், ‘அதோனாய் ஹா-ஆரெட்ஸ்’, அதாவது பூமியின் ஆண்டவர். யோத், ஹே, வாவ், ஹே என்னும் எழுத்துகளாலான நான்கெழுத்து இறைப்பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை. தொழுகையில் அதன் இடத்தில் அதோனாய் என்றே சொல்கிறார்கள். கோல்டன் டான் முறையிலும் அந்த எழுத்துகளின் பெயர்களே ஒலிக்கப்படுகின்றன. இந்த எல்லையை மதித்து நடப்பது பயிற்சிக்கு எந்தக் குறையும் செய்யாது. உயிரெழுத்துகளை ஊகித்துச் சேர்த்து உச்சரிக்க முயல்வோர் தேவையில்லாமல் பிறர் மனத்தைப் புண்படுத்துகிறார்கள்.

முதல் சில வாரங்களுக்கு 5 உருண்டைகளையும் வெண்மையாகவே எண்ணுங்கள். உருவம் நிலைத்த பிறகு நிறங்களைக் கொண்டுவரலாம்: திஃபெரெத் பொன்னிறம், யெஸோத் ஊதா, மல்குத் மண் நிறங்கள். உருண்டை தெளிவாகத் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அது அந்த இடத்தில் இருக்கிறது என்னும் உணர்வு படத்தின் தெளிவை விட முக்கியமானது.

ஐந்தும் ஒளிரும் தூணாக நின்ற பிறகு ஒளியைச் சுழற்ற வேண்டும். மூச்சை வெளிவிடும்போது கெதெரிலிருந்து ஒளி உடலின் இடப்புறமாகப் பாதத்துக்கு இறங்குகிறது, உள்ளிழுக்கும்போது வலப்புறமாக ஏறுகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு முன்புறமாக இறங்கி முதுகுப்புறமாக ஏறுகிறது. இறுதியில் பாதத்திலிருந்து நடுத்தூண் வழியே உச்சி வரை எழுந்து, நீரூற்றுப் போல உடலைச் சுற்றிப் பொழிந்து மீண்டும் பாதத்தில் சேர்கிறது. பிறகு கபாலாச் சிலுவையால் முடியுங்கள். இவை அனைத்துக்கும் அரை மணி நேரம் போதும். நாள்தோறும் ஒரே வேளையில் செய்வதே நேரத்தை நீட்டுவதை விடப் பயன் தரும்.

ஆறு ஆதாரங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழ் வாசகர் இந்த இடத்தில் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள விரும்புவார். உடலின் நடுக்கோடு, ஒளி, மந்திரம் என்று ஒற்றுமை கண்ணில் படுவது உண்மை. ஆனால் யோக மரபில் ஆற்றல் மூலாதாரத்திலிருந்து மேலே எழுகிறது. நடுத்தூணில் ஒளி தலைக்கு மேலிருந்து கீழே அழைக்கப்படுகிறது. இடங்களும் முழுமையாகப் பொருந்துவதில்லை: பாதத்தில் உள்ள மல்குத்துக்கு ஆறு ஆதாரங்களில் இணையில்லை, புருவ நடுவுக்கு நடுத்தூணில் இடமில்லை. ஒப்பிட்டுப் படிப்பது அறிவை வளர்க்கும். பயிற்சியின் போது மட்டும் ஒன்றன் பெயரை மற்றொன்றின் இடத்தில் ஒலிக்க வேண்டாம்.

உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைபாரம், தூக்கமின்மை, காரணமற்ற படபடப்பு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, உணவு, நடை, வீட்டு வேலை என்று சாதாரண வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். மாந்திரீகம் பயில வருவோர் முதலில் உளச்சிகிச்சை பெறுவது நல்லது என்று ரெகார்டியே வலியுறுத்தியவர். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மருந்துக்குப் பதிலாக இதை வைக்கவே கூடாது.

ஒரு செயலுக்குக் கொண்டுவருதல்: ஹோத்

நடுத்தூண் பழகிய பிறகுதான் தனி ஸெஃபிராவைக் கொண்டு ஒரு நோக்கத்துக்காகச் சடங்கு செய்ய வேண்டும். ஒருவர் புதிய மொழி கற்கிறார் அல்லது ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழி, எழுத்து, கணக்கு, வகைப்படுத்தும் அறிவு ஆகியவை ஹோதுக்கு உரியவை. கோள் புதன் என்பதால் புதன்கிழமை சூரிய உதயத்தை அடுத்து வரும் புதன் ஓரை பொருத்தமான நேரம். சிறு மேசையில் செம்மஞ்சள் துணி விரித்து, 8 மெழுகுவர்த்திகளோ 8 அகல்களோ ஏற்றுங்கள். நடுவில் நீங்கள் வரைந்த மரத்தை வைத்து, ஹோத் வட்டத்துக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள். நோக்கத்தை ஒரே வாக்கியமாக, அளவும் காலமும் தெரியும்படி எழுதி அதன் அருகே வையுங்கள். ‘நான் அறிவாளியாக வேண்டும்’ என்பது நோக்கமாகாது, ‘இந்த மாத இறுதிக்குள் இரண்டாம் இயலை எழுதி முடிப்பேன்’ என்பது நோக்கம்.

பட்டியல்கள் ஹோதின் உலோகமாகப் பாதரசத்தைச் சொல்லும். அதை எவ்வடிவத்திலும் பயன்படுத்த வேண்டாம். பாதரச ஆவி நஞ்சு. மூடிய அறையில் விளக்குச் சூட்டருகே வைப்பது பேராபத்து. நிறமும் எண்ணும் பெயரும் இருக்கும்போது உலோகம் இன்றியமையாதது அன்று.

சிலுவையும் நடுத்தூணும் முடித்து, நெஞ்சில் உள்ள திஃபெரெத்தின் பொன்னொளி செம்மஞ்சளாக மாறி அறை முழுதும் பரவுவதாக எண்ணுங்கள். ஹோதின் இறைப்பெயரான ‘எலோஹீம் ட்ஸெவாஓத்’ என்பதை 8 முறை ஒலியுங்கள். கோல்டன் டான் பட்டியலில் ஹோதின் தலைமைத் தூதர் மிக்காயேல்; அவரை நினைந்து, எழுதிய வாக்கியத்தைத் தெளிவாக வாசியுங்கள். அந்த வேலையை நீங்கள் செய்துகொண்டிருக்கும் காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். வெற்றி பெற்ற காட்சியை விட, மேசையில் அமர்ந்து எழுதும் காட்சியே ஹோதுக்கு ஏற்றது. ஒளியை நெஞ்சுக்குள் திரும்ப வாங்கி, சிலுவையால் முடித்து, விளக்குகளை அணைத்து, அதே ஓரைக்குள் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். சடங்கால் திரட்டிய கவனத்தைச் செலவிட வேண்டிய இடம் அதுதான். வேலையைத் தொடாமல் எழுந்து போகிறவருக்கு எந்த ஸெஃபிராவும் எதுவும் தராது.

ஹோத் இடத் தூணின் அடியில் இருக்கிறது. அதில் மட்டும் பல வாரங்கள் வேலை செய்தால் மனம் வறண்டு, எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் நிலைக்குப் போகும். எதிரே உள்ள நெட்ஸாஹ் அதற்கு ஈடு: வெள்ளிக்கிழமை, பச்சை, எண் 7, இசை, நட்பு, அழகுணர்வு. ஹோதுக்கு ஒரு சடங்கு செய்தவர் அந்த வாரத்திலேயே நெட்ஸாஹுக்கும் ஒன்றைச் செய்வது நல்லது. பிறர் மனத்தை அவர் அறியாமல் திருப்பவோ, ஒருவருக்குத் தீங்கு விளைவிக்கவோ கெவுரா போன்ற ஸெஃபிராக்களைப் பயன்படுத்தத் துணிவோரும் இருக்கிறார்கள். மரத்தின் முழு அமைப்பும் சமநிலைக்காக இருக்கும்போது அதன் ஒரு வட்டத்தைப் பிய்த்து ஆயுதமாக்குவதை நான் ஏற்கவில்லை.

ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு தேதி, நேரம், உடல்நிலை, செய்தது, தோன்றியது ஆகியவற்றை உடனே எழுதுங்கள். நோக்கம் நிறைவேறியதா என்பதைச் சில வாரங்கள் கழித்து அதே பக்கத்தில் குறியுங்கள், நிறைவேறாததையும் மறைக்காமல். கோல்டன் டான் வழிவந்த பயிற்சியாளர்கள் மாந்திரீக நாட்குறிப்புக்குத் தந்த இடம் பெரிது.

இறுதியாக, தாள்களைப் பற்றி. இறைப்பெயர் எழுதிய ஏட்டை யூதர்கள் குப்பையில் எறிவதில்லை. கெனிஸா எனப்படும் அறையில் சேர்த்து வைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக் கெனிஸாவில் இருந்தவற்றின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது, வேத ஏடுகளோடும் கணக்குகளோடும் தாயத்துகளும் மந்திரச் சீட்டுகளும் அதில் இருந்தன. நாள்தோறும் வரைந்து பழகும் தாள்களில் ஸெஃபிராக்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள், இறைப்பெயர்களை எழுத வேண்டாம். அப்போது அவற்றைக் கவலையின்றிக் கழிக்கலாம். இறைப்பெயர்கள் எழுதிய மரம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதைத் துணியில் சுற்றித் தூய்மையான பெட்டியில் வைத்து, பழுதடைந்தால் மண்ணில் புதைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரைந்துகொள்ளுங்கள்.